கேனில் பெட்ரோல்: எடுப்பதற்கு முன், எடுத்த பிறகு

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், கேலாங்கை எட்டுவதற்குச் சற்று முன் தாண்டி என்றொரு சிற்றூர். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று எச்சரிக்கும் பலகையால் பெயர்பெற்றது அங்குள்ள பெட்ரோல் பங்க். பைக்கின் இரு பக்கமும் கேன் மாட்டிக்கொண்டு அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அது தேவை. அதைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து செஞ்சிக் கோட்டைக்கு ஒரே நாளில் போய்த் திரும்புகிறவரும் சிவப்புக் கேன் வாங்கி மாட்டிக்கொள்வதுதான் வேடிக்கை. ஜிஎஸ்டி சாலையில் தாம்பரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, பங்க் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினால் பெரிய விஷயம்.

எனவே கேன் வேண்டாம் என்பதே இந்த அத்தியாயத்தின் முதல் யோசனை. உங்கள் வண்டியில் பெட்ரோல் வைக்கத் தகுந்த இடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மோதினாலும் கசியாதபடி, ஆவி வெளியேற வழி விட்டு, சூட்டிலிருந்து ஒதுக்கி, பொறியாளர்கள் யோசித்து வைத்த இடம். அதன் பெயர் டேங்க். அதை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் இதன் பாதிப் பக்கங்களை நீங்கள் படிக்கவே வேண்டாம். மீதிப் பாதி, எப்படியும் கேன் தேவைப்படும் சில நேரங்களுக்காக.

எங்கே நிரப்புவது

ஜிஎஸ்டி சாலையின் பழைய எண் 45. இப்போது சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதன் பிறகு திருச்சி நோக்கி 38. மேப்பில் எண் மாறுவதைப் பார்த்து வழி தவறிவிட்டதாகப் பதற வேண்டாம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். புதுச்சேரியும் அதே அளவுதான். இந்த நெடுஞ்சாலைகளில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் பங்குகள் உண்டு. காரில் எரிபொருள் விளக்கு எரிந்த பிறகும் பொதுவாகச் சில பத்து கிலோமீட்டர் ஓடும். அதற்குள் பங்க் கிடைத்துவிடும்.

நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பிய பிறகுதான் கவனம் தேவை. செஞ்சி, மேல்மலையனூர், அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் இரவு பத்து மணிக்கு மேல் பங்க் விளக்கை அணைத்துவிட்டுப் பையன் படுத்துவிடுவான். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் உற்சவம் நடப்பது இரவில். சாமி பார்த்துவிட்டு நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால், ஊரைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஊர்ந்து போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு பங்க் தேடுவது வீண் அலைச்சல். போகும்போதே திண்டிவனத்திலோ செஞ்சியிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறவர்களும் இப்படியே செய்யலாம். விழுப்புரத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறுகிறவர்கள் கள்ளக்குறிச்சியிலோ சங்கராபுரத்திலோ டேங்கை நிரப்பாமல் மலைப்பாதையில் காலெடுத்து வைக்கக் கூடாது.

கால் டேங்க் குறைந்தால் அடுத்த பங்கில் நுழைவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாட்களில் அதை அரை டேங்க் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி டோல்கேட்டுகளில் நிற்கும் வரிசை எல்லாருக்கும் தெரிந்ததே. ஏசி போட்டபடி நின்றுகொண்டே இருந்தால் கார் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். 2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு நடந்தபோது, அதற்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்தவர்களும் நெரிசலில் சிக்கினார்கள். மாநாடு எப்போது, எங்கே என்று பார்த்துவிட்டுப் பயணம் வைப்பதும் வண்டி ஓட்டத் தெரிந்ததில் ஒரு பகுதிதான் இந்த ஊர்ப்பக்கம்.

அதற்கு ஒரு மாதம் கழித்து வந்தது ஃபெஞ்சல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்தப் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று அரசூரில் வெள்ளம் ஏறி சென்னை–திருச்சி நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் நின்றன. இப்படி வழி அடைபட்டால், மாற்றுப் பாதை என்று உள்ளூர்ச் சாலைகளில் கூடுதலாக எத்தனை கிலோமீட்டர் சுற்ற வேண்டிவரும் என்று சொல்லவே முடியாது. இந்த மாதிரி நேரத்துக்குத்தானே கேன் என்று கேட்கத் தோன்றும். கேனைவிட, புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிய டேங்க் உதவும். மின்சாரம் போய்விட்டால் ஜெனரேட்டர் இல்லாத பங்கில் பம்பு ஓடாது. வெள்ளம் சூழ்ந்த பங்கில் தரைக்கடியில் உள்ள தொட்டிக்குள் தண்ணீர் இறங்கவும் வாய்ப்பு உண்டு. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது; எத்தனால் தண்ணீரோடு எளிதில் சேரும். வெள்ளம் வடிந்த முதல் நாட்களில் அப்படிப்பட்ட பங்கில் போடுவதானால், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டார்களா எனக் கேளுங்கள். அளவுகோலில் தடவிப் பார்க்க நிறம் மாறும் பசை ஒன்று அவர்களிடம் இருக்கும். கேட்பதில் தப்பில்லை.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விற்பனைக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு, உரிமம் இல்லாமல் ஒருவர் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. வண்டியின் டேங்கில் இருப்பது இந்தக் கணக்கில் வராது. ஆனால் எதில் வைக்கலாம் என்றும் சட்டமே சொல்கிறது: இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலன். கண்ணாடியோ பீங்கானோ என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டிலும் சமையல் எண்ணெய் வாங்கிய வெள்ளைக் கேனும் அந்தப் பட்டியலில் இல்லை. 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு லிட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் கலன்கள் வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் ஒப்புதல் அளித்த வகையாக இருக்க வேண்டும். அவருடைய அலுவலகம் நாக்பூரில் இருக்கிறது. பங்குகளுக்கு உரிமம் தருவதும் அந்தத் துறையே.

டீசலுக்குச் சட்டம் தாராளம்: 2,500 லிட்டர் வரை உரிமம் வேண்டாம். டிராக்டரும் பம்புசெட்டும் வைத்திருக்கும் விவசாயி டிரம்மில் டீசல் வைத்திருப்பது அதனால்தான் குற்றமாகாது. வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டியில் பெட்ரோல் கேன் ஏற்றவே கூடாது. டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் காலடியில் வைத்துக்கொண்டு வருவது இதில் அடங்கும். ரயிலிலோ சொல்லவே வேண்டாம். விழுப்புரம் பெரிய சந்திப்பு, பைக்கை பார்சலில் ஏற்றுகிறவர்கள் நிறைய. டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் பைக்கை ஏற்ற வேண்டும். வடித்த பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறினால், ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்களே, யாரோ ரகசியமாக ஏற்றிய சமையல் கேஸ் சிலிண்டர்தான் அதற்குக் காரணம்.

30 லிட்டர் என்பது உச்சவரம்பு. உங்கள் தேவை அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு இரண்டு லிட்டர் இருந்தால் 30 கிலோமீட்டர் போகலாம்; திண்டிவனத்திலிருந்து செஞ்சியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாதாரண நூறு சிசி பைக்குக்கு அரை லிட்டர் போதும்.

புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு என்பதால் கேனில் நிரப்பி வருகிறவர்களும் உண்டு. பத்து லிட்டர் கொண்டு வந்தால் மிச்சமாவது இரண்டு பிளேட் பிரியாணிக்குக்கூட வராது. அந்தக் காசுக்குப் பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து, டிக்கியில் கேனை ஆடவிட்டு 40 கிலோமீட்டர் வருவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை. எல்லையில் மது பாட்டில் தேடுகிற போலீஸ்காரர் டிக்கியைத் திறக்கச் சொல்லும்போது அதற்கு வேறு விளக்கம் சொல்ல வேண்டும்.

எரிவது எது

பெட்ரோல் பற்றிய எல்லா விதிகளும் ஒரே உண்மையிலிருந்து பிறக்கின்றன. எரிவது திரவம் அன்று, அதிலிருந்து எழும் ஆவி. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெட்ரோல் ஆவி விடும். விழுப்புரத்து மே மாதத்தில் எவ்வளவு விடும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலையாது. தரையோடு தவழ்ந்து டிக்கியின் பள்ளங்களிலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் தேங்கி நிற்கும். காற்றில் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி இருந்தாலே ஒரு பொறி போதும். டிக்கி விளக்கின் சுவிட்ச், ஆம்ப்ளிஃபயர் ஒயர், செல்போன் சார்ஜர் எதிலிருந்தும் பொறி வரலாம். காருக்குள் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்றால் கேன் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஏசியைக் கூட்டி வாசனையை அமுக்கப் பார்க்காதீர்கள். ஓரம்கட்டி, எல்லாரையும் இறக்கி, கதவுகளைத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. பெட்ரோல் சூட்டில் விரியும். விடியற்காலை 25 டிகிரியில் 20 லிட்டர் கேனைத் தளும்ப நிரப்பி, மதியம் 55 டிகிரியில் கொதிக்கும் டிக்கிக்குள் விட்டால், உள்ளே அரை லிட்டருக்கு மேல் கூடுதலாக இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் மூடி வழியாக வரும். அதனால் எந்தக் கேனையும் முழுக்க நிரப்பக் கூடாது. குறைந்தது 5 விழுக்காடு காலி விடுங்கள். இந்த ஊர் வெயிலுக்குப் பத்து விட்டாலும் தப்பில்லை. ஐந்து லிட்டர் கேனில் நாலரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

டீசல் பற்றாது என்று நம்மூரில் ஒரு தைரியம் உண்டு. தீக்குச்சியை டீசலில் போட்டு அணைத்துக் காட்டுகிற பெரியவர்களை லாரி ஷெட்டுகளில் பார்க்கலாம். ஐரோப்பாவில் டீசலின் பற்றும் வெப்பநிலை குறைந்தது 55 டிகிரியாக இருக்க வேண்டும். இந்தியத் தரநிலை கேட்பது 35 டிகிரிதான். அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40ஐத் தொடுகிற ஊரில், வெயிலில் மூடிக்கிடக்கும் வண்டிக்குள் அந்தத் தீக்குச்சி வித்தையைக் காட்டச் சொல்லாதீர்கள்.

கேன் வாங்குவது

உலோகக் கேன் ஐந்து லிட்டரில் ஒன்று போதும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் வண்டிச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மூடியை நெம்புகோல் போல அழுத்திப் பூட்டும் கொக்கி இருக்க வேண்டும். உள்ளே வாஷர் தடிமனாக, வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் சாதாரண ரப்பரை ஊதவைத்துவிடும் என்பதால் அதைத் தாங்கும் வாஷரா என்று கேட்டு வாங்குங்கள். ஒப்புதல் முத்திரை உண்டா என்றும் பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை சோதனை. முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடியைப் பூட்டி, ஒரு பழைய செய்தித்தாள்மேல் தலைகீழாக இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் தாளில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாள் காய்ந்திருந்தால், தண்ணீரை வடித்து, மூடியைத் திறந்தபடி வெயிலில் ஒரு முழு நாள் காயவையுங்கள். அடியில் தங்கும் இரண்டு சொட்டுத் தண்ணீர் கேனுக்குத் துரு, இன்ஜினுக்கு இருமல். பிறகு சிவப்புப் பெயின்ட்டில் இரு பக்கமும் பெரிதாகப் ‘பெட்ரோல்’ என்று எழுதுங்கள், தமிழில். தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய் வைத்து, தாகத்துக்குக் குழந்தை எடுத்துக் குடித்த கதைகள் நம் ஆஸ்பத்திரிகளில் எந்த மருத்துவரைக் கேட்டாலும் கிடைக்கும்.

பங்கில்

“கேன்ல குடுக்க மாட்டோம் சார், ஓனர் திட்டுவாரு.” பெரும்பாலும் இதுதான் பதில். பங்க் பையன்மேல் கோபப்படாதீர்கள். தீக்குளிப்புச் சம்பவங்களும், 2022 செப்டம்பரில் கோவையிலும் வேறு ஊர்களிலும் நடந்த பெட்ரோல் குண்டு வீச்சுகளும் பாட்டில் விற்பனைமேல் போலீஸ் கண்ணை வைத்ததற்குக் காரணங்கள். பாட்டிலில் கொடுத்து ஏதாவது நடந்தால் மாட்டிக்கொள்வது அவர். “அண்ணே, வண்டி பைபாஸ்ல நிக்குது, குடும்பத்தோட வந்திருக்கோம்” என்று நிலைமையைச் சொல்லுங்கள். வண்டியின் ஆர்.சி.யைக் காட்டுங்கள், கையில் உலோகக் கேன் இருந்தால் பேச்சே மாறும். அப்படியும் மறுத்தால் விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலையில் நின்றுபோன வண்டிக்கு 1033 என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் இருக்கிறது. ரோந்து வண்டியும் இழுவை வண்டியும் அதன் மூலம் வரும். கார் காப்பீட்டோடு சாலை உதவி எடுத்திருந்தால் அதில் எரிபொருள் கொண்டுவந்து தருவதும் பலநேரம் சேர்ந்தே இருக்கும். பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கொடுத்தார் என்றால், நிரப்பும் முறை முக்கியம். கேனை வண்டிக்குள் வைத்தபடி நிரப்பக் கூடாது. ஸ்கூட்டரின் ஃபுட்போர்டிலும் கூடாது. கீழே இறக்கி, சிமென்ட் தரையில் வையுங்கள். பெட்ரோல் குழாயில் பாயும்போது நிலைமின்சாரம் சேரும். டிக்கியில் விரித்த கார்பெட்டின்மேலோ ரப்பர் விரிப்பின்மேலோ உலோகக் கேன் இருந்தால் அந்த மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை; கேனின் வாய்க்கும் குழாய்க்கும் இடையே பொறியாகத் தாவும். தரையில் வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்க, மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மேலே இருந்து நுரைக்க ஊற்றினால் ஆவியும் கூடும், மின்சாரமும் கூடும். நிரப்பிவிட்டு மூடியைப் பூட்டி, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பங்கிலேயே போட்டுவிடுங்கள். அதைச் சுருட்டி டிக்கிக்குள் எறிகிறவர்கள் அதிகம்.

வண்டியில்

ஹேட்ச்பேக், எஸ்யூவி வகையில் டிக்கியும் நீங்கள் உட்காரும் இடமும் ஒரே காற்றைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. செடானில் தடுப்பு உண்டு என்றாலும் முழுத்தடுப்பு இல்லை. கேனை வெளியே கட்டலாமே என்றால், பின்பம்பரில் கட்டுவது பின்னால் வந்து மோதுகிற பஸ்ஸுக்குக் கொடுக்கும் விருந்து. கூரையில் கட்டினால் நாள் முழுக்க வெயில், கவிழ்ந்தால் வண்டிமேல் அபிஷேகம். நல்ல இடம் என்று எதுவுமில்லை, மோசத்தில் குறைந்த மோசமே உண்டு: டிக்கியில், நிமிர்த்தி, நகராதபடி இரண்டு பக்கமும் பெல்ட் போட்டுக் கட்டி, ஜன்னல்களை இரண்டு விரல் இறக்கி வைத்து, தேவையான தூரத்துக்கு மட்டும். மரக்காணத்தில் நின்றுபோன வண்டிக்குத் திண்டிவனத்திலிருந்து எடுத்துப் போவது போன்ற அரை மணி நேர வேலை அது. குடும்பத்தோடு கிளம்பும்போதே கொடைக்கானல் வரைக்கும் கூட வருவதற்கில்லை. சாப்பிட விக்கிரவாண்டி ஹோட்டலில் இறங்கும்போது, கேனோடு வண்டியை வெயிலில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

பைக்காரர்கள் கவனிக்க: சீட்டுக்கடியில் வைக்கும் பெட்டி பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இன்ஜினுக்கு நேர்மேலே இருக்கிறது. அங்கே பெட்ரோல் பாட்டில் வைப்பது அடுப்புக்கு மேலே பரணில் வைப்பதற்குச் சமம். முதுகுப்பையும் வேண்டாம், விழுந்தால் உங்கள்மேல்தான் கொட்டும்.

கேன் எடுத்தால் தீயணைப்பானும் எடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, ஏபிசி உலர்தூள் வகை, ஒரு கிலோவாவது இருக்கட்டும். டிக்கியில் வேண்டாம், ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணல் தேவலை.

ஊற்றுவது

இன்ஜினை அணைத்து, அது சற்று ஆறும் வரை காத்திருங்கள். பீடி, சிகரெட், வேடிக்கை பார்க்க வந்தவர் வாயிலிருப்பது உட்பட, எல்லாம் பத்து அடி தள்ளி. புனலோ கேனோடு வரும் குழாயோ இல்லாமல் ஊற்றாதீர்கள். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டினால் பாதி உங்கள் கால்மேல் போகும். இரவில் வெளிச்சத்துக்குச் செல்போன் டார்ச்சை ஒருவர் தள்ளி நின்று பிடிக்கட்டும். லைட்டர் கொளுத்திப் பார்த்தவர்கள் உண்டு என்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 பைக்குகளில் பழைய ரிசர்வ் குமிழைத் தேடாதீர்கள். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்பைக் குளிரவைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். அடிக்கடி வற்றவிட்டால் பம்பு போகும், செலவு ஆயிரங்களில் வரும். டீசல் வண்டியில் வேறு தொல்லை: வற்றினால் குழாயில் ஏர் பிடித்துவிடும். இரண்டு லிட்டர் ஊற்றிச் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தால் பேட்டரி தீருமே தவிர வண்டி கிளம்பாது. கைப்பம்பு இருந்தால் அது இறுகும் வரை அழுத்துங்கள். இல்லையென்றால் ஏர் எடுக்க மெக்கானிக்கைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை.

அடுத்த வண்டியிலிருந்து டியூப் விட்டு வாயால் உறிஞ்சும் வழக்கம் நெடுஞ்சாலையில் இன்னும் இருக்கிறது. விழுங்கியதைவிட, இருமும்போது நுரையீரலுக்குள் இழுபடும் சில சொட்டுகள்தான் ஆபத்து. அது நிமோனியாவாக முற்றும். அப்படி ஆனவரை வாந்தி எடுக்கவைக்காதீர்கள், இன்னொரு முறை உள்ளே போகும். நேராக ஆஸ்பத்திரி. இந்த நெடுஞ்சாலையிலேயே முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஆம்புலன்ஸுக்கு 108. கையால் அமுக்கும் உறிஞ்சு பம்பு கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. உடலில் தீப்பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேனா மையும் தோசை மாவும் வேண்டாம்.

இன்னொன்று. சாலையில் டேங்கர் லாரி கவிழ்ந்து எரிபொருள் ஓடுவதைப் பார்த்தால், காற்று உங்களை நோக்கி வராத பக்கமாகப் பல நூறு அடி தள்ளிப் போங்கள். பாகிஸ்தானின் பகாவல்பூர் அருகே 2017 ஜூன் 25 அன்று கவிழ்ந்த டேங்கரிலிருந்து குடத்திலும் கேனிலும் பிடிக்கக் கூடிய 200 பேருக்கு மேல் ஒரே தீயில் போனார்கள்.

வீட்டில், திரும்பி வந்ததும்

மீந்ததை வண்டி டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள். தட்டுப்பாடு வரும் என்று சேர்த்து வைக்கும் ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. 2012 மார்ச்சில் பிரிட்டனில் டேங்கர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோது, ஓர் அமைச்சரே கேனில் கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதே வாரம் யார்க் நகரில் ஒரு பெண், எரியும் கேஸ் அடுப்பு இருந்த சமையலறையில் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோலை மாற்றும்போது ஆவி பற்றிப் படுகாயமடைந்தார். இலங்கையில் 2022 நெருக்கடியின்போது கேன்களில் எரிபொருள் விற்கவே தடை போட்டார்கள். சேர்த்து வைத்தாலும் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் மழைக்கால ஈரத்தை உறிஞ்சும். ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில் லாபம் இல்லை.

கடைசியாகக் காலிக் கேன். நிரம்பிய கேனைவிட இதுதான் பொல்லாதது. திரவம் போய்விட்டது, ஆவி முழுக்க உள்ளே நிற்கிறது, எரியத் தேவையான காற்றும் இப்போது கூடவே இருக்கிறது. ஓட்டை விழுந்த கேனையோ பைக் டேங்கையோ பற்றவைக்க வெல்டிங் பட்டறைக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். விவரமான வெல்டர் முதலில் நன்றாகக் கழுவச் சொல்வார். பிறகு வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் மேலே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் கைவைப்பார். கழுவத் தேவையில்லை என்று சொல்கிற பட்டறையிலிருந்து கேனை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டில் வைப்பதானால் மூடியைத் திறந்து, காற்றோட்டமுள்ள நிழலில், மொட்டைமாடியின் ஓரம் போன்ற இடத்தில் ஒரு நாள் விடுங்கள். பிறகு பூட்டி, சமையலறைக்கும் பூஜை அறைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.